நிலமும் பொழுதும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்தது தொல்காப்பியம். புவியின் காந்தத்தை அளப்போர்க்கும் அவ்விரண்டுமே முதலாவன. யாழ்ப்பாணத்திற் காந்தப்புலத்தின் வலிமை ஏறக்குறைய 40,000 நனோதெசுலா. அதிற் பெரும்பகுதி புவியின் வெளிக்கருவிற் பிறப்பது. எஞ்சிய சிறுபகுதியுள் ஒரு கூறு நிலத்தால் வருவது. மற்றொரு கூறு பொழுதால் வருவது.

நம் குடாநாட்டுச் சுண்ணாம்புக்கல் காந்தத்தன்மை மிகக் குறைந்தது. அதன் கீழ் ஆழத்திற் கிடக்கும் பழம்பாறைகளே இடத்துக்கிடம் புலத்தை வேறுபடுத்துவன. ஆகவே, ஊர்தோறும் கருவியேந்திச் சென்று அளந்து வரையும் படம், எந்தக் கிணறும் எட்டாத அடித்தளத்தின் சாயலைக் காட்டவல்லது.

ஆயின், அவ்வளவையைப் பொழுது குழப்பும். காந்த மத்தியகோடு நமக்கு அணித்தே செல்கின்றது. அக்கோட்டின் மேலே, 100 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில், பகலில் வலிய மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்ந்து, நண்பகலிற் புலத்தை உயர்த்துகின்றது. ஞாயிற்றினின்று எழும் புயலோ அதனைத் தாழ்த்தும். 2024 மே 10, 11ஆம் நாட்களில் உலகின் மத்தியகோட்டை அடுத்த நாடுகளிற் புலம் ஏறக்குறைய 400 நனோதெசுலா தாழ்ந்தது.

இவ்விரு கூறுகளையும் பிரித்தற்கு, ஓரிடத்தில் அசையாது நின்று இரவும் பகலும் பதிவுசெய்யும் கருவி வேண்டும். அப்பதிவைக் கழித்த பின்னரே நிலத்தின் கூறு தெளிவாகும். திருவனந்தபுரத்து வானாய்வு நிலையத்தில் 1852இற் பொறுப்பேற்ற யோன் அலன் புரூன், அகத்தியமலை உச்சியிலும் நிலையம் அமைத்து அளந்தார். ஞாயிற்றின் சுழற்சியை ஒட்டிக் காந்தம் மாறுவதை அவர் கண்டதற்கு நெடும்பதிவுகளே துணையாயின.

“செய்மதிகள் இருக்க நாம் ஏன் அளத்தல் வேண்டும்?” என்பார் உளர். 2013இல் ஏவப்பெற்ற சுவாம் செய்மதிகள் 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உயரத்திற் பறந்து உலகப் படத்தை வகுத்தன. எனினும், சிறு நிலப்பரப்பின் நுண்ணிய வேறுபாடு அவ்வுயரத்தில் தேய்ந்து மறையும். குடாநாட்டின் படத்தைக் குடாநாட்டு மண்ணில் நின்றே வரைதல் வேண்டும்.

நம் கல்லூரி விழாவின் நினைவாக மண்டபமும் வளைவும் வேண்டுவோர் பலர். யாம் வேண்டுவது, வாகனப் போக்குக்கு விலகி, இரும்பு கலவாது கட்டிய சிறு குடிலும், அதனுள் ஒரு காந்தமானியும், நாள் தவறாத பதிவேடுமே. மேல்வகுப்பு மாணவர் பௌதிக ஆசிரியரின் மேற்பார்வையில் அதனை எழுதிவரலாம். திறப்புவிழாவோடு உறங்கிவிடும் கருவிகளை நாம் பல இடங்களிற் கண்டிருக்கின்றோம். ஓராண்டுப் பதிவினால் விளையும் பயன் சிறிது. இருபதாண்டுப் பதிவினை உலகமே நாடிவரும். ஆதலின், கருவி வாங்கும் பணத்தினும் அதனைக் காக்கும் நிலைநிதியையே பழைய மாணவர் பெருமக்கள் முதலிற் சேர்ப்பாராக. அதுவே விழா ஆண்டில் நாம் விடுக்கும் வேண்டுகோள்.