தூக்கு யன்னலும் தோட்டத்துத் தச்சரும்

கல்லூரி விழா மலரில் யன்னலைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என அன்பர் சிலர் வியக்கக்கூடும். பதுளை நகரிலும் ஊவாத் தோட்டங்களிலும் பழைய கட்டடமொன்றைப் புதுப்பிக்கப் புகுவோர் முதலிற் கழற்றி எறிவது மர யன்னலையே. "மரம் உக்கிவிட்டது, அலுமினியம் போட்டுவிடுவோம்" என்ற ஒரே வார்த்தையில் தலைமுறைகள் கண்ட வேலைப்பாடு விறகாகின்றது. இது பெரும்பாலும் வேண்டாத செலவு என்பதே எனது துணிபு.

தூக்கு யன்னல் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வழக்குக்கு வந்தது. பின்னர் துரைமார் பங்களாக்களோடு மலைநாட்டுக்கும் ஏறியது. மேலுங் கீழுமாக இரண்டு கண்ணாடிச் சட்டங்கள். இரு புறத்து நிலைப்பெட்டிகளினுள்ளும் இரும்புக் குண்டுகள். அவற்றைச் சட்டத்தோடு பிணைத்துக் கப்பியின்மேல் ஓடும் கயிறு. குண்டுகளின் நிறை சட்டத்தின் நிறையை ஒத்திருப்பதால் சிறுவனும் எளிதில் உயர்த்தலாம். மேற்சட்டத்துக்குரிய குண்டுகள் மட்டும் சற்றுக் கனமாயும், கீழ்ச்சட்டத்துக்குரியவை சற்று இலேசாயும் இருத்தல் வேண்டும். அப்போதுதான் இரண்டும் இறுக மூடி நிற்கும். கயிறு அறுந்தால் நிலையை உடைக்க வேண்டுவதில்லை. பெட்டியின் அடிப்பாகத்திலுள்ள சிறு பலகையைக் கழற்றினால் குண்டு கைக்கு வந்துவிடும். பழுது பார்த்தற்கென்றே வகைசெய்து அமைத்த யன்னல் இது.

ஊவாவின் காலநிலை மரத்தைப் படுத்தும் பாடு பெரிது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்று தேயிலைக்கு உலகப் புகழ்பெற்ற மணத்தைத் தருகின்றது. அதே காற்று சட்டத்தின் மூட்டுகளைச் சுருக்கிப் பிளவு காட்டுகின்றது. ஒக்டோபரில் தொடங்கும் மழை அப்பிளவினுள் இறங்குகின்றது. முதலில் உக்குவது கீழ்ச்சட்டத்தின் அடிக்கட்டையும், பக்கக் கட்டைகளின் கால்களுமே. மேலே உள்ள மரம் பெரும்பாலும் இரும்புபோல் இருக்கும். உளியின் முனையால் குத்திப் பார்த்தாலே இது விளங்கும். ஆனால் குத்திப் பார்ப்பார் யார்?

உக்கிய பகுதியை நல்ல மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, அதே இன மரத்தில் புதுத்துண்டு சீவி, வெட்டுமுகம் நீரை வெளியே வடியச் செய்யுமாறு சாய்வாக ஒட்டுப்போடுதல் வேண்டும். அடிக்கட்டை முழுவதும் போயிருப்பின் கழுந்தும் துளையுமாகப் புதியதொன்றை இணைக்கலாம். சீமெந்தைத் திணித்து மூடுவது மருத்துவமன்று. நீர் உள்ளே சிறைப்பட்டு உக்கல் விரையும். வர்ணத்தின்மேல் வர்ணம் பூசிப் பூசி யன்னலை அசையாமல் ஒட்டவைத்துவிட்டு, "இது திறவாது" என்று குறைகூறுவாரையும் காண்கிறோம்.

மரத்தேர்விற் சிக்கனம் பாராட்டலாகாது. தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சவுக்கு, அதாவது கிரவில்லியா, கைக்கெட்டும் மரந்தான். மழை படும் இடத்தில் நெடுநாள் நில்லாது. தேக்கும் பலாவும் நிற்கும். ஆயின் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை அனுமதியின்றித் தறிக்கலாகாது. ஓரடித் துண்டு போதுமான இடத்தில் முழு யன்னலுக்கும் மரந்தேடி அலைவதிலும், முற்றிய பழைய வைரமரத்தை அடுப்பிலிடுவதிலும் என்ன மதி இருக்கின்றது?

இவ் யன்னல்கள் துரைமாரின் ஆடம்பரச் சின்னங்களல்லவா, அவற்றை நாம் ஏன் பேணவேண்டும் எனக் கேட்பாருளர். கேள்வி நியாயமானது. பங்களாவின் ஒவ்வோர் அறைக்கும் அகன்ற யன்னல்கள் அமைந்த காலத்தில், லயத்தின் ஒற்றை அறைக்கு ஒரு கதவும், பெயருக்கு ஒரு யன்னலும், பலவற்றில் அதுவுமின்றியும் வாழ்ந்தவர் எம்மவர். ஆயினும் அந்த யன்னல்களை ஆண்டுதோறும் இழைத்துச் சீர்செய்து வந்தவர் தோட்டத்துத் தச்சுப்பட்டறைத் தொழிலாளரே. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைமாறிய சொத்துக்களின் கணக்கில் பங்களா உண்டு. அதைக் காத்த கைத்தொழிலுக்கு இடமில்லை. நான் பேண விரும்புவது அக்கைத்தொழிலையே. இன்று லயத்தை விட்டுத் தனிவீடு காணும் குடும்பங்களின் யன்னல்களுக்கும் அக்கை வேண்டியதாகும்.

எனவே பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் பழைய மர யன்னல்களைக் கழற்ற ஒப்பந்தம் கேட்குமுன், முதிய தச்சர் ஒருவரை அழைத்து ஒவ்வொன்றையும் பார்வையிடச் செய்க. அவருடன் மாணவர் இருவரை உதவிச் சம்பளத்துடன் அமர்த்துக. மரம் நன்கு காய்ந்திருக்கும் ஆகஸ்ட் விடுமுறை இதற்கு ஏற்ற காலம்; ஒக்டோபர் மழைக்குமுன் வர்ணமும் பூசி முடித்துவிடலாம்.