சார்மினார் வாசலில் ஓர் எழுத்து

எவர் பெயரில் நாணயம் அடிக்கப்படுகிறதோ அவரே அரசர் என்பது பழைய நியதி. ஹைதராபாத் நிஜாம்கள் இந்த நியதியைச் சாமர்த்தியமாகவே கையாண்டனர். 1724-ல் தனி ஆட்சி அமைந்த பின்னரும் அவர்களது வெள்ளி ரூபாயில் இருந்தது டெல்லி முகலாயச் சக்கரவர்த்தியின் பெயர்தான். 1857 கிளர்ச்சிக்குப் பின் பகதூர் ஷா அரியணை இழந்ததும் அது மறைந்தது. பதிலுக்கு வந்தது விக்டோரியா அல்ல, வம்சத்தை நிறுவிய ஆசஃப் ஜாவின் பட்டப் பெயர். ஆல்வார், பிக்கானிர் சமஸ்தானங்கள் மகாராணியின் உருவத்தைப் பொறித்தபோதும் ஹைதராபாத் மசியவில்லை.

டெல்லியிடம் காட்டிய சாமர்த்தியம் உள்ளூரில் எடுபடவில்லை. கத்வால், நாராயண்பேட்டை போன்ற இடங்களில் தனி நாணயசாலைகள் இயங்கின. ரூபாயின் மதிப்பு ஊருக்கு ஊர் மாறியது. லாபம் காசு மாற்றித் தருபவருக்கு, நஷ்டம் குடியானவருக்கு. 17-ஆம் நூற்றாண்டு பிரான்சிலும் இதே கதைதான். தோம்ப் போன்ற சிற்றரசுகள் அடித்த வெள்ளிக் காசுகள் துருக்கிச் சந்தை வரை சென்று, தரம் குறைந்து, பெயரைக் கெடுத்துக்கொண்டன. ஹைதராபாத்தில் இதற்கு முடிவு கட்டியவர் திவான் முதலாம் சாலார் ஜங். மாவட்ட நாணயசாலைகளை மூடி, தலைநகரில் ஒன்றை நிறுவினார்.

1903-ல் சைஃபாபாதில் நவீன நாணயசாலை வந்தது. ரூபாயில் சார்மினார் இடம்பிடித்தது. அதன் வாசலுக்குள் ஓர் அரபு எழுத்து: மஹபூப் அலி கான் காலத்தில் 'மீம்', உஸ்மான் அலி கான் காலத்தில் 'அய்ன்'. நிஜாம் தன் பெயருக்கு எடுத்துக்கொண்ட இடம் அவ்வளவே.

'ஹாலி சிக்கா' எனப்பட்ட இந்த ரூபாயின் எடை சுமார் 11.18 கிராம், அதில் வெள்ளி 81.8 சதவீதம். பிரிட்டிஷ் ரூபாயோ 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். கணக்குப் போட்டால் முன்னதில் 9.14 கிராம் வெள்ளி, பின்னதில் 10.69. ஏழு ஹாலிக்கு ஆறு பிரிட்டிஷ் ரூபாய் என்ற மாற்று விகிதம் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. ஹாலியின் ஆயுள் உடனே முடிந்துவிடவில்லை. சில ஆண்டுகள் இந்திய ரூபாயுடன் புழங்கி, 1959-ல் முற்றிலும் செல்லாததானது. சைஃபாபாத் நாணயசாலையில் 2022-ல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அங்கே போய்ச் சேராத காசுகளின் கதி வேறு. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பாட்டி பெட்டியில் கிடக்கும் ஹாலி ரூபாய்க்கு ஆபத்துதான். உருக்கினால் கிடைப்பது ஒன்பது கிராம் வெள்ளி. அதை விற்கும் முன், சார்மினார் வாசலில் இருப்பது எந்த எழுத்து என்றாவது பார்த்துக்கொள்வது நல்லது.