சிற்றவையில் வாழும் இசை

கூட்டம் பெரிதானாற் கலையும் பெரிது என்று எண்ணும் வழக்கம் எங்கும் வேரூன்றி வருகிறது. ஓர் இசை நிகழ்ச்சியைப் பற்றி விசாரிப்போர் முதலிற் கேட்கும் கேள்வி, எத்தனை பேர் வந்தார்கள் என்பதாகவே இருக்கிறது. என்ன வாசிக்கப்பட்டது, எவ்வாறு வாசிக்கப்பட்டது என்பன பின்னரே நினைவுக்கு வருகின்றன. பெருங்கூட்டத்திற்கென்றே அமைந்த இசை உண்டு. கோயில் வீதியில் முழங்கும் நாதசுரமும் தவிலும் அத்தகையன. அவற்றின் சிறப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், நூறு பேர் அமர்ந்த ஓர் அறையிலே தன் முழு உருவத்தையும் காட்டும் இசையும் உலகில் உண்டு. அதனைத் தலைக்கணக்கால் மதிப்பிடுவது, பொன்னை விறகுத் தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும்.

மேல்நாட்டார் இத்தகைய இசையை அறையிசை என்று வழங்குவர். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செலோ என நான்கு கருவிகள் கூடும் நால்வர் இசை அதன் தலைசிறந்த வடிவமாகும். பெரிய வாத்தியக் குழுவுக்கு முன்னால் நெறியாளர் ஒருவர் கோலுடன் நிற்பார். நால்வர் இசைக்கு அவர் இல்லை. ஒருவரின் மூச்சை மற்றவர் கேட்டு, ஒருவரின் பார்வையை மற்றவர் உணர்ந்து வாசித்தல் வேண்டும். பலர் சேர்ந்து ஒரே பகுதியை வாசித்து ஒருவர் குறையை மற்றவர் மறைக்கும் வசதியும் இங்கில்லை. ஜோசப் ஹைடன் (1732–1809) அறுபதுக்கு மேற்பட்ட நால்வர் இசைகளை இயற்றி இவ்வடிவத்தை நிலைநிறுத்தினார். நான்கு அறிஞர் கூடி அளவளாவுவதைப் பக்கத்தில் இருந்து கேட்பது போன்றது இவ்விசை. அளவளாவலைக் கேட்க வேண்டுமாயின் அருகில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அறையிசைக் கருவிகளுள் மிகமிக மெல்லிய குரல் வாய்ந்தவற்றுள் ஒன்று கிற்றார். திரைப்பாட்டுக்கும் பைலாவுக்கும் துணை நிற்கும் வாத்தியமாகவே அதனை நம்மிற் பலர் அறிவர். ஆறு நரம்புகளை விரல்களால் மீட்டிப் பல குரல்களை ஒரே வேளையில் எழுப்பும் செவ்வியல் கிற்றார், ஆழ்ந்த பயிற்சியை வேண்டி நிற்கும் தனிக் கலையாகும். வயலினில் வில் ஓடும்வரை ஒலி நீளும். கிற்றாரிலோ, விரல் நரம்பை விட்ட கணமே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. தேய்ந்து போகும் ஒவ்வோர் ஒலியையும் அடுத்த ஒலியோடு இணைத்து நீண்ட பாட்டாகச் செவிக்குத் தோன்றச் செய்வதிலேயே வாசிப்பவரின் திறமை முழுவதும் அடங்கியுள்ளது. அத்தேய்வின் இறுதி நுனிவரை கேட்டால்தான் அத்திறமை விளங்கும். பக்கத்து இருக்கையில் ஒருவர் கடதாசியைக் கசக்கினாலும் அது கெட்டுவிடும்.

ஸ்பானிய நாட்டின் அல்மேரியாவில் வாழ்ந்த அந்தோனியோ தே தோரெஸ் (1817–1892) என்னும் கைவினைஞர், கிற்றாரின் உடலைப் பெருப்பித்து, மேற்பலகையை மெல்லியதாக்கி, அதன் குரலுக்கு வலுவூட்டினார். இன்றைய செவ்வியல் கிற்றார் பெரும்பாலும் அவர் வகுத்த வடிவமே. 1940களில் நியூயோர்க்கைச் சேர்ந்த அல்பேர்ட் ஓகஸ்டின் ஆட்டுக்குடல் நரம்புக்குப் பதிலாக நைலோன் நரம்பை ஆக்கிக் கொடுத்தார். இவ்வளவு செய்தும் அக்குரல் பேரரங்குக் குரலாகிவிடவில்லை. அது குறையன்று, அதன் இயல்பு. வயலின் மேதை பகனீனி (1782–1840) தாமே கிற்றாரும் பயின்றவர்; கிற்றார், வயலின், வியோலா, செலோ ஆகிய நான்குக்குமாகப் பதினைந்து நால்வர் இசைகளை இயற்றினார். அரங்கம் அதிர வயலின் வாசித்து ஐரோப்பாவையே மயக்கிய அவர், நண்பர் கூடிய அறையிற் கிற்றாரை நாடியதில் நாம் உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு.

இத்தகைய இசை பணம் படைத்தோரின் மாளிகைப் பொழுதுபோக்கு அல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்வியே. ஹைடன் காலத்தில் அது பெரும்பாலும் பிரபுக்களின் கூடங்களில் வாழ்ந்தது உண்மை. அதனை அங்கிருந்து பொதுமக்களிடம் கொண்டுவந்தவர்கள் பேரரசரல்லர். ஊர்ச் சங்கங்களை நடத்திய சாதாரண மனிதர்களே. இலண்டனிலே சவுத் பிளேஸ் என்னும் இடத்தில் 1887ஆம் ஆண்டு ஞாயிறு மாலை அறையிசை நிகழ்ச்சிகள் தொடங்கின. வசதியற்றோரும் நல்லிசையைக் கேட்க வேண்டும் என்பதே நோக்கம். அல்பிரட் கிளெமென்ற்ஸ் என்பவர் அவற்றின் அமைப்புப் பொறுப்பை ஏற்று, 1938இல் மறையும்வரை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுமந்தார். 1929இல் கொன்வே மண்டபத்திற்கு இடம்பெயர்ந்த அந்த ஞாயிறு நிகழ்ச்சிகள் நமது காலம்வரை தொடர்ந்து வந்துள்ளன. பெரும் வித்துவான்களின் பெயர்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. நாற்காலிகளை அடுக்கி, அழைப்பிதழ்களை அனுப்பி, வாரந்தோறும் கதவைத் திறந்த கிளெமென்ற்ஸ் போன்றோரை அத்துணை நினைப்பதில்லை. ஆனால், அவர்கள் இல்லையேல் வித்துவானுக்கு வாசிக்க இடமேது?

1939ஆம் ஆண்டு போர் மூண்டபோது இலண்டனில் அரங்குகள் மூடப்பட்டன. தேசிய ஓவியக் காட்சிசாலையின் படங்கள் பாதுகாப்புக்காக அகற்றப்பட, வெறுஞ் சுவர்களே எஞ்சின. அந்த வெறுங் கூடத்தில் நண்பகல் வேளையில் இசை நடத்தலாம் என்று முன்வந்தார் பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் அம்மையார். அவ்வாண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் நடந்த முதல் நிகழ்ச்சிக்குச் சிறு கூட்டமே வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆயிரம் பேரளவில் வந்து நின்றனர். கட்டணம் ஒரு ஷில்லிங். வாரத்தில் ஐந்து நாள்கள், 1946 ஏப்பிரல்வரை, 1,698 நிகழ்ச்சிகள் நடைபெற்றன. குண்டுவீச்சு மிகுந்த காலத்திற் கட்டிடத்தின் கீழ்த்தளத்திலே வாசித்தார்கள். ஜேர்மனியோடு போர் நடந்துகொண்டிருக்கையில் ஜேர்மனியரான பாக்கையும் பீதோவனையும் வாசித்தார்கள்; பகைமையிற் கலையைச் சேர்க்கவில்லை. அலுவலக எழுத்தரும், விடுமுறையில் வந்த படைவீரரும், தாதியரும் அருகருகே இருந்து கேட்டனர். அறையிசை சிலருக்கே உரியது என்ற வாதத்திற்கு இதைவிடத் தக்க மறுமொழி வேண்டுவதில்லை.

ஊர்ச் சிற்றவைகள் செய்யும் மற்றொரு தொண்டும் உண்டு. பெரிய நிறுவனங்கள் கதவை அடைத்திருக்கும் வேளையிற் புதியவருக்கு அவை கதவைத் திறந்துவிடுகின்றன. ஜூலியன் பிரீம் (1933–2020) என்னும் ஆங்கிலக் கிற்றார்க் கலைஞரின் வாழ்வு இதற்குச் சான்று. அவர் இலண்டன் றோயல் இசைக் கல்லூரியிற் பயின்றபோது அங்கே கிற்றார் ஒரு பாடமாகவே இருக்கவில்லை. பியானோவும் செலோவும் கற்றார். கிற்றாரைக் கல்லூரிக்கு வெளியே வளர்த்துக்கொண்டார். 1947இல், பதின்மூன்று வயதுச் சிறுவனாகச் செல்ட்டனம் நகரின் ஓவியக் கூடத்திலே அவர் தனிக்கச்சேரி செய்திருந்தார். தலைநகரின் பேரரங்கு அன்று. ஒரு மாகாண நகரின் கூடமே அது. 1951இல் இலண்டன் விக்மோர் மண்டபத்தில் அவர் வாசித்தார். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது இருக்கைகளே கொண்ட அம்மண்டபம் 1901இல் திறக்கப்பட்டது. அறையிசைக்கு உலகப் புகழ் பெற்றது.

சபோக் கடற்கரையில் ஆல்டுபரோ என்றொரு சிறிய மீன்பிடி ஊர் இருக்கிறது. பெஞ்சமின் பிரிற்றனும் நண்பர்களும் 1948இல் அங்கு ஓர் இசைவிழாவைத் தொடக்கினர். ஊர்ப் பொதுமண்டபமும் தேவாலயமுமே அரங்குகள். 1963இல் பிரிற்றன் இயற்றிய 'நொக்ரேணல்' என்ற கிற்றார்த் தனிப்படைப்பைப் பிரீம் 1964இல் அங்கே முதன்முதலாக வாசித்தார். இன்று உலகெங்கும் தேர்ந்த கிற்றார்க் கலைஞர் யாவரும் பயிலும் பெரும் படைப்பு, மீனவர் ஊரொன்றின் விழாவிற் பிறந்தது. பிரீம் கற்க முடியாத கிற்றார் இன்று அதே கல்லூரியில் முறையாகக் கற்பிக்கப்படுகிறது. முன்சென்றவை சிற்றவைகள், பின்சென்றது நிறுவனம்.

ஒலிபெருக்கி இருக்கையிற் சிறிய அறைகளைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்போர் உளர். ஒலிபெருக்கி ஒலியைப் பெரிதாக்கும், அண்மையைத் தராது. விரல்நுனியின் மென்மையையும் நகத்தின் கூர்மையையும் வேறுபடுத்திக் காட்டும் நுண்மை, அளவுக்கு மீறிப் பெருக்கும்போது மங்கிவிடுகிறது. ஸ்பானிய மேதை ஆந்திரேஸ் செகோவியா (1893–1987) பெரிய மண்டபங்களிலும் ஒலிபெருக்கியின்றியே வாசித்தார் என்று எதிர்வாதம் கூறலாம். உண்மை, ஆனால் அவர் தம் குரலை உயர்த்திப் பேரரங்கை வென்றாரல்லர். ஆயிரக்கணக்கானோரையும் ஓர் அறையிற் கூடியவர்போல் மௌனமாக இருக்கச் செய்து வென்றார்.

ஒலிப்பதிவு கைப்பேசியிலேயே கிடைக்கும் இக்காலத்திற் கச்சேரி எதற்கு என்பாரும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் விக்மோர் மண்டபத்திலிருந்து ஆளில்லா இருக்கைகளுக்கு முன்னால் கலைஞர் வாசித்ததை உலகம் வானொலி வாயிலாகவும் இணையம் வாயிலாகவும் கேட்டது. பெரும் ஆறுதலாகவே அது இருந்தது. ஆயினும், இறுதி ஒலி அடங்கிய பின் கைதட்டல் எழாத அந்த வெறுமை, கேட்போர் இசையின் ஒரு பகுதி என்பதை எல்லோருக்கும் உணர்த்திவிட்டது. நன்கு கேட்போர் முன்னிலையிலேயே வாசிப்பவரின் கலை முதிர்கிறது.

இவற்றையெல்லாம் நாம் எடுத்துரைப்பது மேல்நாட்டு இசைக்கு மாத்திரம் வக்காலத்து வாங்குவதற்கன்று. நமது வீணையும் மென்குரலுடையதே. கமகத்தின் நெளிவும் மீட்டிய நரம்பு ஓயும் அழகும் அருகிலிருந்து கேட்போர்க்கே முழுமையாக வாய்க்கும். ஒலிபெருக்கியின் இரைச்சலிலும் மண்டப வாயிலில் நின்று பேசுவோரின் ஆரவாரத்திலும் அது படும் பாட்டை இரசிகர்கள் அறிவர். வீணைக்கு நேரும் இடரும் கிற்றாருக்கு நேரும் இடரும் ஒன்றே, பரிகாரமும் ஒன்றே.

கருவி ஒன்றை இழப்பது எத்தகையது என்பதைத் தமிழர் அறியாதவரல்லர். சங்கச் சான்றோர் பாடிய யாழ் வழக்கொழிந்தது. மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான சுவாமி விபுலாநந்தர் பன்னெடுங் காலம் ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டே அவர் மறைந்தார். யாழின் வடிவையும் நரம்புகளின் சுருதியையும் நூல்களிலிருந்தும் கணக்குகளிலிருந்தும் அவர் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் விரலிலிருந்து மாணவர் விரலுக்கும், வாசிப்பவரிடமிருந்து கேட்பவர் செவிக்கும் சென்ற தொடர் அறுந்துபோனால், பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பாலும் அதனை முழுமையாக மீட்டல் அரிது. வாழும் கருவிகளுக்கு அந்நிலை வாராமற் காப்பது எளிது. செலவும் சிறிது.

ஊருக்கு ஓர் அறை வேண்டும். நூல்நிலைய மண்டபமாகலாம், பாடசாலைக் கூடமாகலாம். மாதத்தில் ஒரு குறித்த நாள் வேண்டும். பத்துப் பேர் வந்தாலும் அந்நாள் தவறக்கூடாது. நுழைவுக் கட்டணம் எவருக்கும் எட்டுவதாயிருத்தல் வேண்டும். ஆனால் வாசிப்பவருக்குச் சம்மானம் கொடாது பொன்னாடை மாத்திரம் போர்த்தி அனுப்புதல் ஆகாது. ஒலிபெருக்கி வேண்டாம். தலைமையுரையும் வாழ்த்துரையும் மிகச் சுருங்கட்டும். முன்வரிசை இருக்கைகளைப் பிரமுகர்களுக்கென ஒதுக்காமற் சிறுவர்களுக்கு ஒதுக்கட்டும். வாசிப்பவரின் விரல்களைக் கண்ட சிறுவர்களிலிருந்தே நாளைய கலைஞர் தோன்றுவர். கேட்போர் செய்ய வேண்டியது ஒன்றே: குறித்த நேரத்தில் வந்து, கைப்பேசியை அடக்கி, இறுதி ஒலி ஓயும்வரை அமைதியாயிருத்தல்.

இத்தகைய அவைகளை நடத்துவோர் நம் ஊர்களிலும் பிற நாடுகளிலும் பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர்கள். வந்தவர் தொகையைப் பார்த்து அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. 1947இல் செல்ட்டனத்துக் கூடத்தில் இருந்தவர்கள் ஒரு சிறுவன் வாசிக்கக் கேட்க வந்த சிறு கூட்டத்தினரே. அந்தக் கூடம் திறக்கப்பட்டிருந்தது என்பதும், அங்கே கேட்கும் செவிகள் இருந்தன என்பதுமே முக்கியம். அவ்வளவையும் செய்து வைப்பது எந்த ஊருக்கும் இயலும்.