பாழிடமா, பாக்கிக் கணக்கா?

கோலார் தங்கவயலுக்குப் புகைப்படக் கருவியுடன் போய்வருவது இன்று ஒரு நாகரிகமாகிவிட்டது. துருவேறிய சுரங்கக் கோபுரம், கூரையிழந்த எந்திரசாலை, குன்றென நிற்கும் சயனைடு மேடு - மாலை வெயிலில் என்னே எழில் என்று வியக்கின்றனர். ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்திருந்து படமெடுக்கின்றனர். அடியில் "காலத்தின் கோலம்" என்று எழுதுகின்றனர்.

காலமா செய்தது? கேட்கிறோம், காலமா செய்தது?

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் வந்தது; பெங்களூர் வீதிகளுக்கு முன்பே தங்கச் சுரங்கத்திற்கு ஒளி கிடைத்தது! வடஆர்க்காட்டிலும் சேலத்திலும் பஞ்சமும் சாதிக்கொடுமையும் விரட்ட, ஓடிவந்த தமிழ்த் தொழிலாளர் குலம் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கியது. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் பொன் மேலே வந்தது. பொன் சீமைக்குப் போயிற்று. பாறைத்தூள் தொழிலாளியின் நுரையீரலில் தங்கிற்று. ஆங்கிலேயன் போனான், சுரங்கம் அரசுடைமையாயிற்று. 2001-ல் நட்டம் என்று சொல்லிக் கதவை அடைத்தது மத்திய அரசின் ஆணை. காலத்திற்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, தோழர்களே!

"பொன் அருகினால் மூடத்தானே வேண்டும்?" என்பார் சிலர். மூடட்டும்! எந்திரத்தை நிறுத்தலாம், அதை நம்பிப் பிறந்த ஊரையும் நிறுத்திவிடலாமா? மாற்றுத் தொழில் எங்கே? விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி தேடி ஓடுகிறார்கள் சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள். காற்றடித்தால் சயனைடு மேட்டுத் தூசி அவர்கள் வீட்டுச் சோற்றில் விழுகிறது. இது அழகா?

கருவியின்மேல் நமக்குப் பகையில்லை. 1908 முதல் லூயிஸ் ஹைன் என்பார் அமெரிக்க ஆலைகளில் உழைத்த சிறுவர்களைப் படமெடுத்தார். ஊர், வயது, வேலை ஆகியவற்றைக் குறித்து வைத்தார். குழந்தை உழைப்பை எதிர்த்தோர் கையில் அப்படங்கள் சாட்சிகளாயின. அது படம்! ஆளை விரட்டிவிட்டுச் சுவரை மட்டும் எடுப்பது, குற்றவாளியைத் தப்பவிட்டுக் காயத்தின் நிறத்தை மெச்சுவதாகும்.

எனவே தோழர்களே, தங்கவயலுக்குச் செல்லுங்கள், படமும் எடுங்கள். கோபுரத்தோடு, அதனடியில் இருமிக்கொண்டு நிற்கும் முதியவரையும், அவர் இசைந்தால், எடுங்கள். எத்தனை ஆண்டு இறங்கினார், என்ன கூலி பெற்றார், எந்த ஆணை அவரை வெளியேற்றியது, இன்னும் வரவேண்டியது என்ன என்று கேட்டு எழுதுங்கள். ஊர்தோறும் காட்டுங்கள். பாழிடம் பார்க்க வந்த கண்கள் பாக்கிக் கணக்கைப் படிக்கட்டும்!