புகார் எழுத ஒரு பத்தி வேண்டும்

இப்போது எந்தக் குறைக்கும் கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டியதில்லை. இணையத்தில் ‘உங்கள் புகார்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தட்டச்சு செய்து அனுப்பினால் அடுத்த நிமிடமே கைபேசிக்குப் பதிவு எண் வந்துவிடுகிறது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் அந்தக் கட்டத்துக்குள் பத்தி பிரிக்க வழியில்லை, ஒரு தேதியைத் தடித்த எழுத்தில் காட்டவும் வழியில்லை. இது சின்ன விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

நம் காலத்து மனுவை நினைத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. அதன் கீழே 1, 2, 3 என்று எண்ணிட்ட பத்திகள். முக்கியமான தேதிக்கும் தொகைக்கும் அடிக்கோடு. தட்டச்சு இயந்திரத்தின் ரிப்பனில்கூடப் பாதி கறுப்பு, பாதி சிவப்பு இருந்தது. இவையெல்லாம் அலங்காரம் அல்ல. ‘பொருள்’ வரியைப் பார்த்தே எந்தப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுத்தர் முடிவு செய்துவிடுவார். பத்திக்கு எண் இருந்தால் பதிலும் எண்வாரியாக எழுதியாக வேண்டும். மூன்றாவது பத்தியை விட்டுவிட்டால் அந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். மனுதாரருக்குப் பாதுகாப்பே அந்த எண்தான்.

சென்ற ஆண்டு ஒரு சேவை நிறுவனத்துக்கு நான்கு கோரிக்கைகளை எண்ணிட்டு, தனித்தனி வரிகளாக எழுதி அனுப்பினேன். எனக்கு வந்த நகலில் நான்கும் ஒட்டிக்கொண்டு ஒரே பிண்டமாக இருந்தன. முதல் கோரிக்கையான முகவரி மாற்றத்தை மட்டும் செய்துவிட்டு, “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டார்கள். கூடுதலாகப் பிடித்த பணத்தைத் திருப்பிக் கேட்டது மூன்றாவது கோரிக்கை. அதைப் படித்தார்களா என்பதே சந்தேகம். அந்தப் பணத்துக்காக மறுபடி ஒரு புகார், மறுபடி ஒரு பதிவு எண்.

ஓலைச்சுவடியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, பத்தி இருக்காது. மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்க மாட்டார்கள், ஓலையில் பொத்தல் விழும் என்று. அச்சு இயந்திரம் வந்த பிறகுதான் நிறுத்தக்குறியும் பத்தியும் தமிழ் உரைநடையில் நிலைபெற்றன. இந்தப் புகார்க் கட்டமோ நம்மைத் திரும்ப ஓலைக்கே அனுப்பிவிட்டது.

இத்தனைக்கும் காரணம் சிறியது. நாம் என்டர் தட்டும்போது கட்டத்துக்குள் வரி இறங்குகிறது. அதையே இணையப் பக்கமாகக் காட்டும்போது, ஹெச்டிஎம்எல் முறைப்படி வரிமுறிவு வெறும் இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது. வரிகளை அப்படியே காட்டும்படி நிரலில் ஒரு சிறு கட்டளை சேர்த்தால் போதும்.

தடித்த எழுத்துக்கு அனுமதி கொடுத்தால் விஷமிகள் கெட்ட நிரலைப் புகுத்திவிடுவார்கள் என்று ஒரு பதில் வரும். பயம் நியாயமானதே. 2005ல் மைஸ்பேஸ் தளத்தில் ஒருவர் தன் பக்கத்தில் நுழைத்த நிரல் ஒரே நாளில் பத்து லட்சம் கணக்குகளுக்கு மேல் பரவியது. ஆனால் அதற்கும் வழி இருக்கிறது. சொல்லின் இருபுறமும் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் வாட்ஸ்அப்பில் அது தடித்த எழுத்தாகிவிடுகிறது. 2016 முதல் பேரன் பேத்திகளுக்கு நாம் அனுப்பும் வாழ்த்துக்கே இந்த வசதி உண்டு. ஓய்வூதியம் வரவில்லை என்று எழுதும் மனுவுக்கு இருக்கக் கூடாதா?

பல வண்ணமும் பல அளவு எழுத்தும் நான் கேட்கவில்லை. கொடுத்தால் எல்லோரும் முழுப் புகாரையும் சிவப்பில் எழுதிவிடுவார்கள். பத்தி, எண் வரிசை, தடித்த எழுத்து, இந்த மூன்றும் போதும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது இது. ஒவ்வொரு கோரிக்கையையும் ‘கோரிக்கை 1’, ‘கோரிக்கை 2’ என்று சொல்லாலேயே தொடங்குங்கள். வரி ஒட்டிக்கொண்டாலும் சொல் நிற்கும். முதல் வரியிலேயே “மொத்தம் நான்கு கோரிக்கைகள்” என்று எழுதிவிடுங்கள். கோப்பு இணைக்க இடமிருந்தால் முறையான மனுவை பிடிஎஃப் ஆக இணைத்துவிடுங்கள். மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளத்தில் 3000 எழுத்துகளுக்கு மேல் போனால் அப்படி இணைக்கலாம். கட்டத்தின் அடியில் ‘ஆலோசனை’ கேட்டிருந்தால், பத்தி பிரிக்க வசதி வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். நாலு பேர் எழுதினால்தான் அவர்கள் காதிலும் விழும்.