முத்திரைக்கு முன்னே பெயரைப் பாருங்கள்

சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்க அறைக்கு ஒரு பெண்மணி கைக்குழந்தையுடன் வந்தார். மாஹிம் ரயில் நிலையத்துக்குக் கீழ்ப்புறம், தாராவிக்குச் செல்லும் வழியில் குடியிருப்பவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். கணவர் துபாயில் மேற்பார்வையாளர் வேலையில் இருக்கிறார். பிள்ளை பிறந்து பத்து மாதம் ஆகியும் தகப்பனார் அதன் முகத்தை நேரில் கண்டதில்லை. மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ளத் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் உரிய அத்தாட்சிகளுடன் வேண்டும்.

“அண்ணாச்சி, சீல் எல்லாம் குத்தியாச்சு. இருந்தும் காகிதத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க. இனி நான் எங்கே போய் நிற்பேன்?” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தரகர் ஒருவருக்குக் கொடுத்த பணம் கடன் வாங்கிய பணம் என்பதும் பிறகு தெரிந்தது.

நாம் வக்கீல் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். ஆனால் காகிதத்தோடு பழகுவதே நம் தொழிலாகையால், அந்த அம்மையாரின் காகிதங்களை மேசைமீது வரிசையாகப் பரப்பினோம். பிழை ஐந்து நிமிடத்தில் புலப்பட்டது. முத்திரைகளில் குறை ஏதும் இல்லை. குறை பெயரில் இருந்தது.

எடுத்துக்காட்டாக, கணவர் பெயர் முருகன், அவர் தகப்பனார் பெயர் சுடலை என்று வைத்துக்கொள்வோம். ஊரில் வாங்கிய திருமணச் சான்றிதழில் ‘சு. முருகன்’ என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை விரித்து ‘முருகன் சுடலை’ என்று எழுதியிருந்தார்கள். மும்பையில் பிறந்த பிள்ளையின் சான்றிதழிலோ தகப்பனார் ‘சுடலை முருகன்’ ஆகிவிட்டார். மூன்றும் ஒரே மனிதர்தாம் என்பது நமக்குத் தெரியும். நம் காகிதத்தை மட்டுமே பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அவர்கள் மூன்று மனிதர்கள்!

இந்தத் தொல்லை மராட்டிய மண்ணில் வாழும் தமிழர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாக வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தே போதும். இங்கோ தன் பெயர், தகப்பனார் பெயர், ‘ஆட்நாவ்’ என மூன்றும் கேட்கிறார்கள். மகப்பேற்று விடுதியில் அவசரத்தில் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் உறவினர் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறார். அது அப்படியே பதிவேட்டில் ஏறிவிடுகிறது. பிறரைக் குறை சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: நம் மூத்த மகள் பிறந்தபோது நாமும் இதே பிழையைத்தான் செய்தோம்.

தரகர் செய்தது என்ன? “மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும்” என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்து, நோட்டரியிடம் கையொப்பம் வாங்கி, அதைச் சான்றிதழோடு இணைத்துவிட்டார். இங்குள்ள சில அலுவலகங்களில் அது செல்லுபடியாகலாம். வெளிநாட்டில் அதை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நோட்டரி என்பவர் யார் என்பதை இங்கே சற்று விளக்குவது நலம். 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டப்படி மத்திய சர்க்காரோ மாநில சர்க்காரோ நியமிக்கும் வழக்கறிஞர் அவர். பத்திரத்தில் ஒருவர் கையொப்பமிட்டதை உறுதி செய்வது, பிரமாணம் செய்விப்பது, நகலைச் சரிபார்ப்பது, ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு ஆன மொழிபெயர்ப்புக்குச் சான்று தருவது ஆகியவை அவர் பணிகள். “இன்னார் நம் முன்னிலையில் கையொப்பமிட்டார்” என்றுதான் அவர் சொல்கிறாரேயன்றி, “இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை” என்று சொல்வதில்லை. ஆகவே பிழையான சான்றிதழை அவர் முத்திரை சரியாக்கிவிடாது. அன்றியும் அதிகாரப் பத்திரம், பிரமாணப் பத்திரம் போன்று நாமே எழுதிக் கையொப்பமிடும் காகிதங்களுக்கே நோட்டரி முதற்படி. சர்க்கார் பதிவேட்டிலிருந்து தரப்படும் சான்றிதழுக்கு அந்தப் பதிவேடுதான் அஸ்திவாரம்.

இனி வெளிநாட்டு அத்தாட்சியின் வழியைப் பார்ப்போம். ரயில் பயணத்தை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே சீட்டு வாங்கிவிட்டால் வழியில் எந்தச் சந்திப்பில் வண்டி நின்றாலும் கவலையில்லை. அவ்வாறன்றி ஒவ்வொரு சந்திப்பிலும் இறங்கிப் புதுச் சீட்டு வாங்க வேண்டுமானால் எவ்வளவு அலைச்சல்! வெளிநாட்டுக் காகிதங்களுக்கு உலகெங்கும் முன்பு அந்த அலைச்சலே இருந்தது. அதைக் குறைக்க 1961 அக்டோபர் 5-ஆம் நாள் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் முடிவாயிற்று. அதில் சேர்ந்த நாடுகளுக்கு ‘அப்போஸ்டில்’ என்ற ஒரே அத்தாட்சி போதும். இந்தியாவுக்கு இது 2005 ஜூலை 14 முதல் அமலுக்கு வந்தது. நம் நாட்டில் இதை வழங்குவது வெளியுறவு அமைச்சகம். சர்க்கார் கட்டணம் 50 ரூபாய். முகவர் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் வேறு.

எந்த நாட்டுக்கு இந்த ஒரே சீட்டு செல்லும் என்பதை முதலில் அறிய வேண்டும். ஓமன் 2012 முதலும், பஹ்ரைன் 2013 முதலும், சிங்கப்பூர் 2021 முதலும், சவூதி அரேபியா 2022 முதலும், கனடா 2024 முதலும் இதற்கு உட்பட்டவை. துபாய் அடங்கிய ஐக்கிய அரபு அமீரகமும், குவைத்தும், கத்தாரும் இதில் சேரவில்லை. அங்கே செல்லும் காகிதம் முதலில் மாநில சர்க்காரிடமும், அடுத்து நம் வெளியுறவு அமைச்சகத்திடமும், பிறகு இந்தியாவிலுள்ள அந்நாட்டுத் தூதரகத்திடமும் அத்தாட்சி பெற வேண்டும். அமீரகத்திற்குப் போய்ச் சேர்ந்தபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகமும் முத்திரையிட வேண்டும். சந்திப்புக்குச் சந்திப்பு இறங்கும் பயணம் இதுதான்.

மற்றொரு செய்தியை நம்மவர் பலர் கவனிப்பதில்லை. சான்றிதழை எந்த மாநிலம் தந்ததோ, அந்த மாநிலத்தின் அதிகாரியே முதல் அத்தாட்சி தர வேண்டும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மும்பை மாநகராட்சி தந்தது. அது மகாராஷ்டிர சர்க்காரின் வழியே செல்லும். திருமணச் சான்றிதழ் ஊரில் பெற்றது. அதற்குத் தமிழ்நாட்டு சர்க்காரின் அத்தாட்சிதான் வேண்டும். ஒரே குடும்பத்தின் இரண்டு காகிதங்களும் இரண்டு திசையில் போகவேண்டியிருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் அத்தாட்சிக்கு முன்போல் தில்லிதான் கதி என்பதில்லை; 2019 முதல் மும்பை, சென்னை முதலிய நகரங்களிலும் அது கிடைக்கிறது. மித்தி ஆற்றுக்கு அப்பால் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் 2017-இல் திறக்கப்பட்ட விதேஷ் பவன் மாஹிமிலிருந்து கூப்பிடு தூரம். எனினும் காகிதங்களை அமைச்சகம் நியமித்த முகவர் நிறுவனங்களிடமே ஒப்படைக்க வேண்டும். நியமிக்கப்படாத தரகரிடம் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டா.

அந்த அம்மையாருக்கு நாம் சொன்ன யோசனை ஒன்றே: “தங்கச்சி, முத்திரையை மறந்துவிடு. முதலில் பதிவேட்டைத் திருத்து.” 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, பதிவில் நேர்ந்த பிழையைத் திருத்த இடமளிக்கிறது. பாஸ்போர்ட்டையும் தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழையும் ஆதாரமாக வைத்து, மகப்பேற்று விடுதி இருக்கும் வார்டின் பதிவாளருக்கு மனு எழுதிக் கொடுத்தோம். திருமணச் சான்றிதழில் தலைப்பெழுத்தை விரிப்பதற்கு ஊரிலுள்ள அவர் தமையனார் அலைந்தார். நான்கு முறை நடந்தபின் திருத்தம் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அத்தாட்சிகளுக்கு அனுப்பினோம். தை பிறந்தபோது காகிதங்கள் யாவும் கைக்கு வந்தன. மாசியில் தாயும் பிள்ளையும் விமானம் ஏறினார்கள். தகப்பனார் முதன்முதலாகப் பார்த்தபோது பிள்ளை தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டிருந்தது. அது முதலடி எடுத்து வைத்ததை அவர் பார்க்கவில்லை. ஒரு தலைப்பெழுத்துக்காக ஒரு மனிதர் இழந்தது அது.

சொத்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஊரிலுள்ள நிலத்தின் பத்திரத்தை நம் சார்பில் பதிவுக்குக் கொடுக்கத் தம்பிக்கோ மாமனுக்கோ அதிகாரம் எழுதி, இங்கே நோட்டரி முத்திரை வாங்கி அனுப்புகிறார்கள். ஊர்ச் சார்பதிவாளர் திருப்பிவிடுகிறார். 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 33-ஆம் பிரிவுப்படி, இந்தியாவில் வாழ்பவர் அத்தகைய அதிகாரத்தைத் தாம் வாழும் பகுதியின் சார்பதிவாளர் முன்னிலையில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் வாழ்பவரானால் அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் எழுதலாம். அப்படி வந்த பத்திரத்துக்கு, இந்தியாவில் கைக்குக் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும்.

நேயர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். பயணம் நிச்சயமான பிறகு காகிதத்தைத் தேடாதீர்கள். இன்று மாலையே டிரங்குப் பெட்டியைத் திறந்து, குடும்பத்தார் அனைவரின் பாஸ்போர்ட்டு, பள்ளிச் சான்றிதழ், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டில் மகப்பேறு வரவிருந்தால், எழுத வேண்டிய பெயர்களை முன்னதாகவே ஒரு தாளில் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதித் தாயின் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஐயமுள்ளோர் வழக்கம்போல் ஞாயிறு காலை சங்க அறைக்கு வரலாம். கட்டணம் ஏதும் இல்லை. மூலப் பத்திரத்தை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலை மட்டும் கொண்டு வாருங்கள்.