நிலவுக்கு அப்பால் ஒரு மனிதர்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற வகையில், ஒரு மனிதரின் வாழ்வை ஒற்றை வரிக்குள் அடக்கிவிடுவது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே கருதுகின்றேன். நீல் ஆம்ஸ்ட்ரோங் இதற்கு நல்ல உதாரணம்.

2012 ஆகஸ்ட் 25 இல், தமது 82 ஆவது வயதில் அவர் மறைந்தபோது, 1969 யூலையில் நிலவில் கால் பதித்தவர் என்பதே உலகெங்கும் தலைப்பாயிற்று. அது இயல்பே. ஆயினும் நிலவின் தரையில் அவர் நடமாடியது ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலங்கள் மாத்திரமே.

அவர் ஒரு முன்னாள் கடற்படை வீரர். கடற்படையின் புலமைப்பரிசிலிலேயே பேர்டூ பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். கொரியப் போரில் 78 தடவைகள் பறந்தார். 1951 செப்டெம்பரில் விமானத்தின் இறக்கை சேதமுற, பரசூட் மூலம் குதித்து உயிர் தப்பினார். 1955 முதல் பரீட்சார்த்த விமானியாகவும் பொறியியலாளராகவும் பணிபுரிந்தார். எக்ஸ்-15 என்ற ரொக்கட் விமானத்தை 7 தடவைகள் செலுத்தினார். 1971 முதல் 1979 வரை சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் கற்பித்தார்.

நிலவு இல்லையேல் இவற்றை யார் எழுதியிருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இறங்குகலம் பாறைகள் நிறைந்த இடத்தை நோக்கிச் சென்றபோது, எரிபொருள் குறைந்துகொண்டிருந்த நிலையிலும், அதனைத் தம் கையால் செலுத்திப் பத்திரமாக இறக்கியவர் அவர். அந்தப் பதற்றமின்மை நிலவில் கிடைத்ததன்று. பல்லாண்டுத் தொழில் தந்தது. தம்மை ஒரு பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்வதையே அவரும் விரும்பினார். 2012 செப்டெம்பர் 14 இல் அவரது அஸ்தி அத்திலாந்திக் கடலில், கடற்படை மரியாதையுடன் சேர்க்கப்பட்டது.

நமது மரண அறிவித்தல்களை எண்ணிப் பார்க்கின்றேன். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மருமக்கள், மைத்துனர், பேரப்பிள்ளைகள் என உறவுகள் யாவும் ஒழுங்காக இடம்பெறும். அன்னார் நாற்பது ஆண்டுகள் என்ன தொழில் செய்தார், அதில் எதைக் கற்றார் என்பது பெரும்பாலும் இராது. கப்பலில் இயந்திரம் பார்த்தவரும் விமான நிலையத்தில் இரவுப்பணி செய்தவரும் வெறும் பெயர்களாகவே போய்விடுகின்றனர்.

அவர்களுக்கு நிலவு வாய்க்கவில்லை. எனினும் உழைத்த வாழ்வு ஒன்று இருந்தது. அதற்கென இரண்டு வரிகளேனும் எழுதுவது, எஞ்சியிருப்போரின் கடமையாகும்.